வலக்கைக் காப்பு

3 பெப்ரவரி, திங்கள்

போனேன். வந்தேன். கால் இரண்டும் கழன்று விழப்பார்க்கின்றன. ஆனாலும் போனேன், வந்தேன். அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

நேற்று மகன் கஜீபன் பரிஸிலிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, உங்களோடை வேலை செய்த கொறின் பென்சன் எடுத்திட்டா. இனி ஆர் உங்களை வேலைக்கு ஏத்திக்கொண்டு போறது? அந்தக் காட்டிலை பஸ்ஸும் இல்லை. கார்ச் சோதினையிலை அஞ்சு தரம் பெயில். நான் இஞ்சை உங்களுக்கு ஒரு அறைக்குப் பெயின்ற் அடிச்சிட்டன். வீட்டை வித்துப்போட்டு வாங்கோ."

"சைக்கிளிலை போவன்" என்றேன்.

சிரித்தான். பெற்ற பிள்ளை, போனுக்குள்ளே விழுந்து விழுந்து சிரித்தான். "பதின்மூண்டு கிலோமீற்றர் அம்மா. மூண்டு மேடு. உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயசு."

சிரிக்காமல் இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். "அப்பாவின்ர ஒரு வருச ஆட்டைத்திவசம் வரைக்கும் பார் தம்பி. அதுக்கிடையிலை ஒரேயொரு நாள் வேலை தவறினாலும் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாறன். தவறாட்டி, வீடு விக்கிற கதை இனி என்ர காதிலை விழக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினான். நானும் பண்ணினேன். திவசம் ஜூன் நடுவில். நாலரை மாதம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், சரி. மாட்டினதிலிருந்து ஓடியே கழற்றுவேன்.

சைக்கிள் ஒடீலிடம் வாங்கியது. ஒடீல் பக்கத்து வளவு வீட்டுக்காரி. முப்பத்தைந்து வருடம் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கிறாள். ஓய்ந்தவள் சும்மா இருக்காமல் ஞாயிறு தோறும் சைக்கிளில் அறுபது, எழுபது கிலோமீற்றர் சுற்றுகிறாள். அவளுடைய பழைய சைக்கிளின் கைபிடி கிடாய்க் கொம்பு மாதிரி வளைந்து கீழே போகிறது. "ஓடத் தெரியுமா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பெற்றோலே இல்லாத காலத்தில் மூன்று பேரை ஏற்றி ஓடினவளிடம் கேட்கிற கேள்வியா இது!

காலை ஐந்தரைக்கு இருட்டில் வெளிக்கிட்டேன். மூன்றாவது மேட்டில் இறங்கித் தள்ளினேன். நான் சமைக்கிற முதியோர் இல்லத்துக் குசினிக்குள் நுழையும்போது ஏழுக்கு நாலு நிமிடம் இருந்தது.

4 பெப்ரவரி, செவ்வாய்

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன். போனேன், வந்தேன்.

11 பெப்ரவரி, செவ்வாய்

மேடுகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். எங்கள் ஊர் லா ஷெனேயை விட்டதும் வருவது தண்ணீர்த்தாங்கி மேடு. அது பாவம், சாது. இரண்டாவது வெள்ளை மாட்டு மேடு. வேலியோரம் வெள்ளை மாடுகள் மூச்சில் புகைவிட்டுக்கொண்டு நின்று என்னையே பார்க்கும். மூன்றாவது, வேலையிடம் இருக்கிற மொந்வெர் ஊருக்கு ஏறுவது, கோதாரி மேடு. திட்டிக்கொண்டே ஏறுகிற மேட்டுக்கு வேறு பெயர் பொருந்தாது.

ஒடீலிடம் சொன்னேன். "உதெல்லாம் மேடே? நிலம் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்" என்றாள். (அவள் பிரெஞ்சில் சொல்வதை நான் என் தமிழில்தான் எழுதுவேன். டயறி என்னுடையது.) மூச்சு விடுகிற நிலத்தில் ஏறி என் மூச்சு போகிறது என்றேன். கியரை முன்னமே மாற்று, ஏறத் தொடங்கிய பிறகு மாற்றாதே என்றாள். அந்த ஒரு விசயம் எனக்குத் தெரியாதுதான். எங்கள் ஊர் மேசைபோல் தட்டை, கியர் எதற்கு?

இன்று கோதாரி மேட்டில் பாதி வரை இறங்காமல் போனேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

லீவு. லீவு நாளில் ஆராவது சைக்கிள் ஓடுவார்களா? நான் ஓடினேன். ஒடீல் கூப்பிட்டாள், போனேன்.

இவர், என் மனிசன், இருந்த காலத்தில் இந்த றோட்டெல்லாம் காருக்குள்ளிருந்து பார்த்தவைதான். பத்தொன்பது வருடம். காருக்குள்ளிருந்தால் மரம் ஓடும், வேலி ஓடும், நான் சும்மா இருப்பேன். இன்றைக்குத்தான் தெரிந்தது, ஒவ்வொரு பள்ளத்திலும் காற்று ஒரு படி கூடக் குளிர். மேலே ஏறினால் வெயில் முதுகில் விழுகிறது. மேட்டிலிருந்து பார்த்தால் அடுத்த மேடு, அதற்கு அப்பால் இன்னொன்று, எல்லாவற்றிலும் ஒரு மாதா கோயில் கூர். ஒரு மணி நேரத்தில் எங்களைக் கடந்தது ஒரு கார்தான். அதுவும் ஒடீலுக்குக் கை காட்டிவிட்டுப் போனது.

போத்தலில் தண்ணீர் முடிந்தது. ஒடீல் நேரே ஒரு ஊர்ச் சவக்காலைக்குள் சைக்கிளைத் திருப்பினாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு குழாய். கல்லறைப் பூக்களுக்கு ஊற்ற வைத்திருக்கிறார்கள். அதில் போத்தலை நிரப்பி மடக் மடக்கென்று குடிக்கிறாள்!

"சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் நிரப்புவோம். ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கிறது, பூட்டுவதும் இல்லை" என்றாள்.

"எங்கடை ஆக்கள் உதுக்குள்ளை காலடி வைச்சாலே தலை முழுகோணும். நீ தண்ணி குடி எண்டுறாய்."

"கிடக்கிறவர்கள் குடிப்பதில்லை. மிச்சம் உனக்குத்தான்."

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் குடிக்கவில்லை. நாக்கு ஒட்ட ஒட்டப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடி வீட்டுக்கு வந்து குடித்தேன். சாவுத் துடக்கு ஒரு வருடம் என்று இவருடைய தமையன் பட்டியலே போட்டுத் தந்திருக்கிறார். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, கலர்ச்சீலை இல்லை, காப்பு இல்லை. சைக்கிளை எழுத அவருக்கு ஞாபகம் வரவில்லை.

18 மார்ச், செவ்வாய்

மாட்டு லொறிக்காரர்களுக்கு லைசன்ஸ் கொடுக்கிறவனைப் பிடித்து அடிக்கவேண்டும்.

வேலை முடிந்து வருகிறேன். மூன்று மணி, நல்ல வெயில். கிளைறோட்டில் திரும்பினதும் ஒரு குருவியின் சத்தம்கூட இல்லை. வேலியோரம் மஞ்சள் பூ நிறையப் பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, என் பாட்டில், கரையோடு கரையாக வந்தேன். வளைவில் லொறி. என் பக்கத்தில்! நேருக்கு நேர்! நான் றோட்டோரக் கானுக்குள் பாய்ந்தேன். சைக்கிள் என் மேல்.

அவன் இறங்கி வந்து கத்தினான். நானும் கத்தினேன். அவன் பிரெஞ்சில், நான் தமிழில். லொறிக்குள் நின்ற மாடுகள் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தன. தூக்கிவிட வந்தான். "தொடாதை" என்றேன். நானே எழும்பினேன்.

சின்ன உரசல். வேறொன்றுமில்லை.

19 மார்ச், புதன்

போனேன், வந்தேன். எழுத்துக் கோணல், பேனை சரியில்லை.

20 மார்ச், வியாழன்

பேனையை மாற்றினேன். இதுவும் சரியில்லை. இருமினால் விலாவுக்குள் யாரோ குத்துகிறார்கள். கேட்டவர்களுக்கு, குசினியில் கதவு அடித்தது என்று சொல்லிவைத்தேன். போனேன், வந்தேன்.

23 மார்ச், ஞாயிறு

பொய் எழுதி நிரப்ப டயறி எதற்கு? இன்றைக்கு உண்மை.

ஒடீல் காலையிலேயே வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். நான் கத்தினேன். "பாண்கடையில் லொறிக்காரன் சொன்னான். நீ இடப்பக்கத்தால் வந்தாயாம்."

"பொய்! அவன்தான் என்ர பக்கத்திலை வந்தவன்!"

ஒடீல் மணிக்கட்டுக்குத் துணி சுற்றிவிட்டு, வா ஒரு நடை ஓடுவோம் என்றாள். என்னை முன்னால் விட்டு அவள் பின்னால். அவளுடைய தங்கச்சி புருசனின் பன்றிப் பண்ணைக் கதையை ஆரம்பித்தாள். நான் "பிறகு? பிறகு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். சந்தியில் நின்றோம். ஒரு வாகனமும் இல்லை. திரும்பி மறுபடி ஓடினோம். கொஞ்சத் தூரத்தில் கதை நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

அவள் றோட்டின் அந்தக் கரையில். நான் இந்தக் கரையில். நான்தான் இடப்பக்கம்.

இறங்கிவிட்டேன். இந்த நாட்டில் முப்பத்திரண்டு வருடம். கார் வந்தால் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, காரைப் பார்த்து ஒதுங்குகிறேன். ஒருவரும் இல்லாத றோட்டில் மூளை படுத்துவிடுகிறது, உடம்பு யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. அங்கே இடப்பக்கம்தானே. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் பேனை கோணல் என்று எழுதியிருக்கிறேன். எவ்வளவு தரம் இப்படி ஓடினேன்? எத்தனை வளைவில்? அன்றைக்கு வந்தது லொறி. ஒரு சின்னப்பிள்ளை சைக்கிளில் வந்திருந்தால்?

"ஆருக்கும் சொல்லாதை" என்றேன் ஒடீலிடம். கஜீபன் அறிந்தால் இன்றைக்கே வீட்டுக்கு விலைப் பலகை நடுவான்.

"சொல்லமாட்டேன். ஆனால் இதற்கு நீ ஒன்று செய்யவேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளை நான் திருப்பி எடுப்பேன். உன்னைக் கானுக்குள் கண்டெடுக்க எனக்கு விருப்பமில்லை."

கைபிடியில் 'வலம்' என்று எழுதி ஒட்டினாள். இரண்டு வளைவு தாண்ட அதைப் பார்க்க மறந்தேன். கண்ணுக்கு எழுதி வேலையில்லை, என் கண் பூவையும் மாட்டையும் பார்க்கிறது. காதுக்கு வேண்டும்.

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினேன். போன ஜூனில் கழற்றி வைத்த காப்புகள். சிவப்பு எனாமல் பூசிய இரண்டை எடுத்து வீக்கத்துக்கு மேலால் வலக்கையில் ஏற்றினேன். நோவில் கண்ணீர் வந்தது. றோட்டில் குலுங்கக் குலுங்க அவை கிலுங் கிலுங் என்கின்றன. சத்தம் வருகிற பக்கம் நான் போகவேண்டிய பக்கம். நாற்பது கிலோமீற்றர் ஓடிப் பார்த்தேன். ஒருதரமும் பிழைக்கவில்லை.

தமையனாரின் பட்டியலில் காப்பு இல்லை என்று இருக்கிறது. இருக்கட்டும்.

20 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். கஜீபன் வந்தான். முற்றத்தில் நிற்கும் தகப்பனின் காரை ஸ்ராட் பண்ணிப் பார்த்தான். பற்றறி செத்துவிட்டது. உள்ளே வந்து என் மணிக்கட்டைப் பார்த்தான், காப்பைப் பார்த்தான்.

"விழுந்தனீங்களோ?"

ஓம் என்றேன். இடப்பக்கம் ஓடியதையும் சொன்னேன். பொய் சொல்லி வெல்கிற பந்தயம் எனக்கு வேண்டாம்.

முகம் வெளுத்துவிட்டது. "விசரோ அம்மா உங்களுக்கு? செத்திருப்பியள்! அப்பாவைத்தான் குடுத்தாச்சு. இனி உங்களையும் ஒரு கானுக்குள்ளையிருந்து நான் தூக்கோணுமோ? ஒரு அவசரத்துக்கு ஆர் இருக்கினம் இஞ்சை? அண்டைக்கு என்ன நடந்தது எண்டு மறந்துபோனியளோ?"

மறப்பதா! அதற்குப் பிறகு நான் வாய் திறந்தது எனக்கே தெரியாது. பத்து மாதமாக எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"கேள். அண்டைக்குப் பின்னேரம் அப்பா நெஞ்சைப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ளை இருந்தார். போன் வேலை செய்யேல்லை, காத்துக்குக் கம்பி அறுந்து கிடந்தது. ஒடீலும் வீட்டிலை இல்லை. கார்த் திறப்பு மேசையிலை. கார் முத்தத்திலை. ஓடத் தெரியாது எனக்கு! பள்ளத்து வீடு வரைக்கும் இரண்டரைக் கிலோமீற்றர் செருப்பில்லாமல் ஓடினன். அம்புலன்ஸ் வரேக்கை எல்லாம் முடிஞ்சுது. 'பழக்குங்கோ, பழக்குங்கோ' எண்டு முப்பது வருசம் கேட்டன். 'உனக்கேன், நான் இருக்கிறன்தானே' எண்டார். உனக்குப் பதினாறு வயசிலை பழக்கினார். எனக்குப் பழக்கேல்லை. பிறகு நான் சோதினைக்குப் போன அஞ்சு தரமும், பெயிலாகி வர, சிரிச்சார். நீ போனிலை சிரிச்சமாதிரி!"

அவன் கதிரையில் இருந்துவிட்டான்.

"அண்டைக்கு என்னட்டை ஒரு சைக்கிள் இருந்திருந்தால் ஏழு நிமிசத்திலை போயிருப்பன். இனி என்னை ஒருத்தரும் ஏத்தி இறக்கத் தேவையில்லை. பரிஸிலை உன்ர வீட்டிலை இருந்தால், 'அம்மா நில்லுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்' எண்டு நீயும் தொடங்குவாய். அன்பாத்தான் தொடங்குவாய். எனக்கு வேண்டாம்."

எனக்கு இவர் மேல் கோபம். செத்துப்போன மனிசன் மேல் பத்து மாதமாகக் கோபம், அழுகையை விடக் கூடுதலாக. எழுதிவிட்டேன், இனி எழுதினது எழுதினதுதான்.

21 ஏப்ரல், திங்கள்

காலையில் நான் வெளிக்கிட, கஜீபனும் காரை எடுத்தான். ஏற்றப்போகிறானாக்கும் என்று திரும்பியும் பார்க்காமல் மிதித்தேன். ஏற்றவில்லை. நாலு பக்க லைட்டையும் மினுக்கிக்கொண்டு, பதின்மூன்று கிலோமீற்றரும் பின்னால் ஊர்ந்து வந்தான். கோதாரி மேட்டில் இறங்காமல் ஏறினேன். அவன் பார்க்கிறான் என்றே ஏறினேன்.

இல்லத்து வாசலில் கண்ணாடியை இறக்கினான். "பின்னுக்கு லைட் காணாதம்மா. நல்லதொண்டு அனுப்பிவிடுறன்" என்றான். நேரே பரிஸுக்குப் போய்விட்டான்.

9 மே, வெள்ளி

மேடெல்லாம் கடுகுப் பூ மாதிரி மஞ்சள். எண்ணெய்க்கு விதைக்கிற பயிராம். மேட்டில் ஏறினால் முன்னே ஒரு மஞ்சள், ஒரு பச்சை, அப்பால் நீலமாய் ஒரு காடு. அதற்குள்ளால் ஒற்றை றோட்டு இறங்கி ஏறிப் போகிறது. அதில் நான் ஒருத்தி. இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். மாடுகள் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டும்.

வெயில் கொளுத்தியது. போத்தல் காலி. சவக்காலைக்குள் போய் நிரப்பிக் குடித்தேன். நல்ல குளிர். தலை முழுகவில்லை.

2 ஜூன், திங்கள்

இவருடைய தமையன் போன் எடுத்தார். "யோகம், திவசம் பதினைஞ்சாந் திகதி, பரிஸிலை மண்டபம் எடுத்தாச்சு. அதோடை உம்மடை அலைச்சலும் முடியுது. வீட்டுக்கு ஒரு ஆள் கேக்குது, நல்ல விலை. சனத்துக்கு முன்னாலை கதைச்சு முடிப்பம்."

"நான் ஒரு நாளும் தவறேல்லை அத்தான். கஜீபன் சத்தியம் பண்ணினவன்."

"அவன் சின்னப் பெடியன். சத்தியமாவது கத்தரிக்காயாவது. பொம்பிளை தனிய இருந்து சைக்கிள் ஓடுறது எங்கடை குடும்பத்துக்கு அழகே?"

கஜீபனுக்குப் போன் எடுத்தேன். "பெரியப்பா கதைச்சவர், தெரியும்" என்றான். "நீ என்ன சொன்னனி?" என்று கேட்டேன். "யோசிக்கிறன் அம்மா" என்றான். யோசிக்கிறானாம்! இந்த யோசனைக்கா நாலு மாதம் மிதித்தேன்?

14 ஜூன், சனி

நேற்றோடு முடிந்தது. ஒரு நாளும் தவறவில்லை.

கஜீபன் காரில் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். சீலையைப் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, ரெயில் நிலையம் வரை இருபத்தெட்டுக் கிலோமீற்றர் ஓடி, சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு ரெயின் ஏறினேன். இப்போது மகன் வீட்டில், பெயின்ற் அடித்த அந்த அறையில் இருந்து எழுதுகிறேன். நல்ல அறை. மருமகள் புதுத் தலையணை உறை போட்டிருக்கிறாள். யன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு யன்னல். அந்தரமாக இருக்கிறது. நாளைக்குச் சனத்துக்கு முன்னால் மகன் வாய் திறக்காவிட்டால், நான் திறப்பேன்.

15 ஜூன், ஞாயிறு

காலையில் கண்ணாடிக்கு முன்னால் காப்பைக் கழற்றினேன். ரெயினுக்கும் மண்டபத்துக்கும் அது தேவையில்லைதானே. வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மறுபடி போட்டேன்.

மண்டபத்தில் எழுபது, எண்பது பேர். ஐயர் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். கஜீபன் வேட்டியோடு, விரலில் தர்ப்பை மாட்டிக்கொண்டு இருந்தான். நான் போய் அவனுக்குப் பக்கத்தில் இருக்க, கை அசைந்து காப்பு கிலுங்கியது. முன்வரிசைப் பெண்களின் வாயெல்லாம் நின்றது.

தமையன் எழும்பி வந்தார். "யோகம், என்ன இது? இண்டைக்கு, என்ர தம்பியின்ர படத்துக்கு முன்னாலை, சிவப்புக் காப்போ? கழட்டும்."

"கழட்டேலாது அத்தான்."

"சனம் பாக்குது!"

"பாக்கட்டும். இது என்ர வலப்பக்கம். இது இல்லாட்டி நான் றோட்டிலை பிழையான பக்கம் போவன். போயிருக்கிறன், லொறிக்குக் கிட்டவும் போயிருக்கிறன். நாளைக்குக் காலமை வேலைக்கு ஓடோணும். நீங்கள் வந்து முன்னாலை ஓடி வழி காட்டுவியளோ?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "வழி காட்ட மோன் இருக்கிறான். நாங்கள் இருக்கிறம்தானே!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஏறியது.

"உங்கடை தம்பியும் அதைத்தான் சொன்னவர். 'நான் இருக்கிறன்தானே' எண்டு முப்பது வருசம் சொன்னார். இப்ப இருக்கிறாரோ? அந்தா, படத்திலை இருக்கிறார். பொய் சொன்னார் எண்டு சொல்லேல்லை. அவருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதாலை நான் பாத்துக்கொள்ளுறன். வீடு விக்கிறதில்லை. காப்பும் கழட்டுறதில்லை. திவசம் முறையா நடக்கட்டும், அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லை."

ஐயர் எள்ளுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி தமையனின் முகத்தைப் பார்த்தார். தமையன் கஜீபனைப் பார்த்தார். "டேய், கொம்மாவுக்குச் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன், சரி. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது எழும்பி, "அம்மா, கழட்டுங்கோ" என்றால் என்ன செய்வேன்? வீட்டுப் பத்திரத்தில் பாதி அவனுடையது. அவன் தன் பாதியை விற்கக் கையெழுத்து வைத்தால் லா ஷெனே முடிந்தது.

கஜீபன் எழும்பவில்லை. தகப்பனின் படத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி எள்ளுக் கிண்ணத்தை வாங்கித் தனக்கு முன்னால் வைத்தான்.

"ஐயா, தொடங்குங்கோ" என்றான். "அஞ்சரைக்கு அம்மாவுக்கு ரெயின்."